அடிக்கல் ஓரிடம், வளாகம் ஓரிடம்

வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

சென்ற இதழில் பெட்டாலிங் ஜெயாவின் பழைய சாலைப் பெயர்களைப் பற்றி எழுதும்போது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டடங்களைக் குறித்துப் போகிற போக்கில் இரண்டு வரி சேர்த்திருந்தோம். சாலைப் பெயர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் கடிதங்கள் வந்தன. ஆகவே, இம்மாதம் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். வழக்கம்போல் வாசகர்களின் ஊர்ப் பெயரை மட்டும் தருகிறோம்.

கிள்ளான் வாசகர்: என் பேத்திக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழகம் 1905இல் தோன்றியது என்று அவள் படித்துக் காட்டுகிறாள். 1949 என்று நான் பள்ளியில் படித்தேன். 1962 என்கிறார் என் மைத்துனர். மூவரில் யார் சொல்வது சரி, ஐயா?

மூவரும் சரியாகவே சொல்கிறீர்கள். ஒரே ஆற்றை ஊற்றிலிருந்து அளப்பவர் ஒருவர், அணையிலிருந்து அளப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1905இல் சிங்கப்பூரில் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. உள்ளூர் வணிகர் தான் ஜியாக் கிம் தலைமையில் சமூகப் பெரியவர்கள் அரசுக்கு மனுக் கொடுத்து, கைப்பணமும் திரட்டித் தந்ததால் அமைந்த பள்ளி அது. இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு இருந்ததால் சிப்பாய் லைன்ஸ் என்று பெயர்பெற்ற பகுதியில், முன்பு பெண்களுக்கான மனநோய் மருத்துவமனையாக இருந்த கட்டடத்தில் அதற்கு இடம் கொடுத்தார்கள். பிறகு அது ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியாயிற்று. புக்கிட் தீமாவில் 1929இல் முறைப்படி திறக்கப்பட்ட இராஃபிள்ஸ் கல்லூரி, கலையும் அறிவியலும் கற்பித்தது. இந்த இரண்டையும் இணைத்து 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் சூட்டப்பட்டது. மால்கம் மெக்டோனால்ட் முதல் வேந்தர். சர் ஜார்ஜ் ஆலன் முதல் துணைவேந்தர்.

இங்கே பலருக்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இணைப்பைப் பரிந்துரைத்த சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் குழு, பல்கலைக்கழகத்தின் நிலையான இடமாகச் சுட்டியது சிங்கப்பூரையும் அன்று, கோலாலம்பூரையும் அன்று, ஜொகூர் பாருவை. அந்த வளாகம் கடைசிவரை எழும்பவே இல்லை. நாடு விடுதலையை நெருங்கிய ஆண்டுகளில், கூட்டரசுக்குத் தன் தலைநகரிலேயே உயர்கல்வி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1959 ஜனவரி 15 முதல் ஒரே பல்கலைக்கழகம், சிங்கப்பூரில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாகத் தன்னாட்சியுள்ள இரண்டு பிரிவுகளாக நடந்தது. 1962 ஜனவரி 1ஆம் நாள் பாகப்பிரிவினை முடிந்தது. நம் குடும்பங்களில் மூத்தவனுக்கு வீடும் இளையவனுக்குத் தோப்பும் என்று பிரிப்பதைப் போல, புக்கிட் தீமாவின் பழைய கட்டடங்கள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திற்குப் போயின. மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கோலாலம்பூருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் வேந்தராகப் பொறுப்பேற்றார்.

ஆக, பேத்தி சொல்வது ஊற்று, நீங்கள் சொல்வது பெயர், மைத்துனர் சொல்வது தனிக்குடித்தனம். இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் தன் தொடக்கத்தை 1905 என்றே எழுதுகிறது என்பதையும் பேத்தியிடம் சொல்லிவையுங்கள், பாட்டனார் ஒருவர்தானே.

செந்தூல் வாசகி: காலஞ்சென்ற என் அண்ணன் 1957இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். ஆனால் கேர்னி சாலையில்தான் வகுப்பு நடந்தது என்று சொல்வார். பந்தாய் வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் வகுப்பு கேர்னி சாலையில் எப்படி நடந்திருக்கும்? பந்தாயில் எழுந்த முதல் கட்டடம் எது?

அண்ணன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அம்மா. 1957இல் பந்தாய் பள்ளத்தாக்கில் பாடம் கேட்க உட்காருவதற்கு இடம் இல்லை. கோலாலம்பூரில் தொடங்கிய கலைப்பிரிவு வகுப்புகள், கேர்னி சாலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் இரவல் வாங்கிய அறைகளில் நடந்தன. அந்தக் கல்லூரியே ஹை ஸ்திரீட்டிலிருந்து 1955இல்தான் அங்கே குடிவந்திருந்தது. பிற்காலத்தில் அது மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கேர்னி சாலையும் முதலில் செமாராக் சாலையாகி, இப்போது சுல்தான் யஹ்யா பெத்ரா சாலையாக இருக்கிறது. சாலையின் பெயரும் மாறி, கல்லூரியின் பெயரும் மாறிவிட்டதால், உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் சொல்வதைக் கேட்பவர்களுக்கு அது ஏதோ வேறு ஊர்க் கதையாகப் படுகிறது.

பந்தாயில் முதலில் குடியேறியது பொறியியல் புலம். புக்கிட் தீமாவில் தொடங்கிய அது, 1958இல் கோலாலம்பூருக்கு வந்தது. பொறியியலை ஏன் முதலில் அனுப்பினார்கள் என்பதற்கு என் கணிப்பைச் சொல்கிறேன்: மற்றத் துறைகளுக்குச் சிங்கப்பூரில் பழைய வேர் இருந்தது, பொறியியலோ இளங்கன்று, பிடுங்கி நடுவது எளிது. பந்தாயின் முதல் மாணவர் விடுதி, இன்று நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் பெயரைத் தாங்கி நிற்கும் முதலாம் கல்லூரி, 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே 'கல்லூரி' என்றால் படிக்கும் இடம் அன்று, தங்கும் இடம். ஊரிலிருந்து வருகிற பெற்றோர் இன்றும் இதில் குழம்பிப்போகிறார்கள்.

அந்தக் காலக் கட்டடங்களை இன்று போய்ப் பார்ப்பவர்கள், நின்று ஒரு நிமிடம் அவற்றின் உடலமைப்பைக் கவனிக்க வேண்டும். குளிர்சாதனம் எல்லா அறைக்கும் வராத காலத்தில் வரையப்பட்டவை அவை. அகலம் குறுகி நீளம் நீண்டிருக்கும். ஒரு பக்கம் வழியாக நுழையும் காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும் என்பதுதான் கணக்கு. வகுப்பறைக்கு வெளியே நம் கடைவீதி ஐந்தடியைப் போலக் கூரைக்கு அடியிலேயே நடைபாதை ஓடும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மழையில் நனையாமல் போகலாம். மாடிப்படிச் சுவர்களில் ஓட்டைக் கற்கள் பதித்திருப்பார்கள். பிற்பகலில் அவற்றின் வழியே விழும் வெயில் படிகளில் கட்டம்கட்டமாகக் கிடக்கும். பிற்காலத்தில் பல இடங்களில் அந்த ஓட்டைகளைப் பலகையால் அடைத்துவிட்டு ஏர்கண்டிஷன் பெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது எனக்கு ஒப்புதலான காரியம் அன்று. ஆனால் மூன்று மணி வெயிலில் தேர்வு எழுதியவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்பதால் மேலே பேசவில்லை.

வளாகம் எழுந்த அந்தப் பள்ளத்தாக்கும் அதன் சுற்றுப்புறமும் இரப்பர் விளைந்த நிலம். பங்சார் என்ற பெயரே புஞ்சே-கிரிசார் என்ற தோட்டப் பெயரின் மருவல் என்பார்கள். வளாகத்துக்குள்ளேயே 1974இல் ரிம்பா இல்மு என்ற தாவரத் தோட்டத்தை அமைத்தபோது, அதுவும் பழைய பால்மரக் காட்டில்தான் அமைந்தது. முதல் ஆண்டுகளில் படித்தவர்கள் நினைவில் கட்டடத்தைவிடச் செம்மண்தான் முன்னே வருகிறது. மழை பெய்தால் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனோம் என்று இந்தப் பகுதிக்கு எழுதியவர்களே மூன்று பேர்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: மலாயாப் பல்கலைக்கழகத்தின் டேவான் துங்கு சான்சலர் மண்டபம் எரிந்துபோய்விட்டதே, இப்போது நாம் பார்ப்பது புதியதுதானே?

2001 ஜூன் 29ஆம் நாள் விடியற்காலையில் தீ பிடித்தது உண்மை. ஆனால் இடித்துவிட்டு வேறொன்றைக் கட்டவில்லை. பழைய வடிவத்தைக் காத்துத்தான் மீட்டெடுத்தார்கள். ஆகவே, பட்டமளிப்பு விழாவில் நீங்கள் பார்க்கும் முகம் 1960களின் முகம்தான்.

அதை வரைந்தவர் கிங்டன் லூ. சுபாங் விமான நிலையத்தின் பழைய முனையத்தை, காளான் போல் விரிந்த தூண்களோடு வடிவமைத்தவரும் அவரே. பூச்சு வேலையே இல்லாமல் கான்கிரீட்டை அப்படியே வெளியே காட்டுவதும், முகப்பில் ஆழமான தடுப்புகளை நிறுத்தி வெயிலை வெளியிலேயே மடக்கிவிடுவதும், அக்காலத்தில் லெ கொர்புசியே இந்தியாவின் சண்டிகரில் செய்து காட்டிய பாணி. 'இன்னும் பூசி முடிக்கவில்லையா' என்று என் தாயார் அதைப் பார்த்துக் கேட்டது நினைவிருக்கிறது. சுண்ணாம்பு அடிக்காத சுவரை வேலை முடியாத சுவராகவே பார்த்துப் பழகிய தலைமுறை. கான்கிரீட் வார்த்த பலகையின் தடம் சுவரில் தெரிவது, பருத்தித் துணியில் நெசவு தெரிவது போல என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெலுத்தோங் வாசகர்: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டியது குளுகோரில் இல்லை, சுங்கை ஆராவில்தான் என்று எங்கள் பக்கத்துவீட்டுப் பெரியவர் அடித்துச் சொல்கிறார். என் மகள் சிரிக்கிறாள். பினாங்குக்காரர்களின் பெருமையைக் காப்பாற்றுங்கள்.

மகளைச் சிரிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர் சொன்னது முழு உண்மை.

பினாங்கில் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று வேண்டும் என்ற யோசனையை மாநிலச் சட்டமன்றம் 1962இலேயே தீர்மானமாக ஏற்றுக்கொண்டது. சுங்கை ஆராவில் நிலமும் பார்த்தார்கள். 1967 ஆகஸ்டு 7ஆம் நாள் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே அடிக்கல் நாட்டினார். கல் அங்கே நாட்டப்பட்டது; பல்கலைக்கழகம் அங்கே வரவில்லை.

1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில், நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகமாக அது தொடங்கியபோது சொந்தக் கட்டடம் ஒன்றுகூட இல்லை. குளுகோர் மேட்டிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் இடம் வாங்கி வகுப்பு நடத்தினார்கள். முதல் அணியில் அறிவியல் மாணவர் 57 பேர். மாதத்தைக் கவனியுங்கள்: ஜூன். கோலாலம்பூரில் மே 13 கலவரம் நடந்து நான்கு வாரம்கூடக் கழியாத நேரத்தில், நாடு நெருக்கடிநிலையில் இருந்தபோது, 57 பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரவல் வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். பெற்றோர் எப்படி அனுப்பினார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட் புவியியல் பேராசிரியர். நகரங்கள் எங்கே, ஏன் அமைகின்றன என்று ஆராய்ந்த மனிதருக்கு, தன் பல்கலைக்கழகத்துக்கே இடம் தேடும் வேலை வந்து வாய்த்தது.

இடத்தைக் கொடுத்தது பிரிட்டனின் கடன்சுமை என்றுகூடச் சொல்லலாம். சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளை 1971ஆம் ஆண்டு இறுதிக்குள் திரும்பப் பெறுவதாக 1968 ஜனவரியில் இலண்டன் அறிவித்தது. குளுகோரில் கடலைப் பார்த்த மேட்டில் மிண்டன் படைமுகாம் இருந்தது. படை வெளியேறும் காலமும் பல்கலைக்கழகம் இடம் தேடும் காலமும் ஒன்றாக அமைந்தன. சுங்கை ஆராவில் முதல் செங்கல்லிலிருந்து தொடங்குவதைவிட, கூரையும் தண்ணீரும் சாலையும் தயாராக இருந்த முகாமில் குடியேறுவது எளிதாயிற்று. 1971இல் பல்கலைக்கழகம் அங்கே மாறியது, 239.4 எக்டர் நிலம், ஜார்ஜ் டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவு. அடுத்த ஆண்டு பெயரும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்றாயிற்று.

மிண்டன் என்பது ஜெர்மனியில் இருக்கும் ஓர் ஊர். 1759 ஆகஸ்டு 1ஆம் நாள் அங்கே நடந்த போரில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் வழிவந்தவை, ஆண்டுதோறும் அந்நாளில் தொப்பியில் ரோஜாப் பூச்சூடிக்கொள்ளும். அந்தப் போரின் பெயர் முகாமுக்கு வந்து, முகாமிலிருந்து வளாகத்துக்கு வந்து, இன்று வாடகை வீட்டு விளம்பரத்தில்கூட 'மிண்டன் பக்கம்' என்று எழுதும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது.

சென்ற ஆண்டு உறவுப் பையனை விடுதியில் சேர்க்கப் போயிருந்தபோது, அங்கே ஒரு பழைய முகாம் கட்டடத்தின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினேன். நீண்ட தாழ்வாரம், ஓரடி உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டிய தளம், கூரை முன்னே நன்றாக இறங்கி வந்திருந்ததால் அவ்வளவு பெரிய மழையிலும் சாரல் காலில் படவில்லை. கதவுகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அணிவகுப்பில் நிற்பதைப் போல வரிசையாக இருந்தன. கட்டில் போட்ட அறைகளில் இப்போது மேசை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வேறுபாடு. சற்றுத் தள்ளியிருக்கும் அணிவகுப்புத் திடலை மாணவர்கள் இன்றும் பாடாங் காவாட் என்றே அழைக்கிறார்கள். அணிவகுப்பு என்பதன் மலாய்ச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு அங்கே கண்காட்சி நடத்துகிறார்கள்.

வாங்கிய கட்டடம் பழையதாக இருந்தாலும் உள்ளே போட்ட திட்டம் புதியது. மலாயாப் பல்கலைக்கழகத்தைப் போலப் புலம், துறை என்று பிரிக்காமல், பூசாட் பெங்காஜியான் என்ற பயிலக முறையை வைத்துக்கொண்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் தொலைக்கல்வியை 1971இலேயே தொடங்கினார்கள். பகலில் தமிழ்ப்பள்ளியில் கற்பித்துவிட்டு இரவில் மிண்டன் பாடநூலைத் திறந்த ஆசிரியர்கள் நம்மில் பலர். வளாகத்தில் குடியிருந்தே பார்க்காமல் அதன் பட்டதாரியானவர்கள்.

சுங்கை சிப்புட் வாசகி: எங்கள் பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று சம்பளத்திலிருந்து பணம் கொடுத்ததாகச் சொல்வார். 'அங்கே என் செங்கல்லும் இருக்கிறது' என்பார். உண்மையில் அந்தப் பணத்தில் கட்டடம் கட்டினார்களா?

இந்தக் கடிதத்தை இருமுறை படித்தேன், அம்மா. பாட்டி பணம் கொடுத்தது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். செங்கல் மட்டும் வேறு வடிவத்தில் இருக்கிறது.

சிங்கப்பூரில் பல்கலைக்கழகம் இருந்த காலத்தில், 1950களின் முற்பகுதியில், இந்திய ஆய்வியல் துறை ஒன்று தொடங்கும் பேச்சு வந்தது. அதில் தமிழுக்கு முதன்மையா, சமஸ்கிருதத்துக்கு முதன்மையா என்ற வாதம் எழுந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழராக இருக்கையில் இதில் வாதம் ஏது என்று கிளம்பியவர்களின் முன்வரிசையில் நின்றவர், தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் அவர் நிதி திரட்டும் இயக்கம் நடத்தினார். செல்வர்கள் கொடுத்ததோடு, தோட்டத்து லயங்களிலிருந்தும் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்தும் சிறுசிறு தொகையாகப் பணம் வந்தது. உங்கள் பாட்டி அந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

1956இல் துறை தொடங்கியது. தமிழ் அதன் நடு இடத்தைப் பெற்றது. திரட்டிய பணம் சுவர் எழுப்பப் போகவில்லை. தமிழ் நூலகத்துக்குப் போயிற்று. 1959இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. அப்படிப் பார்த்தால் தமிழர் பங்கு அந்த வளாகத்துக்குள் லாரியில் செங்கல்லாக வராமல் பெட்டியில் புத்தகமாக வந்தது.

அந்தப் புத்தகங்களுக்கு வேலை கொடுக்க 1961இல் தனிநாயகம் அடிகள் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறையில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழை 1952 முதல் நடத்தி, தமிழைப் பிறமொழி அறிஞர்களிடம் கொண்டுபோனவர். அவர் துறைத் தலைவராக இருந்தபோதுதான், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தமிழாராய்ச்சிக்கான முதல் உலக மாநாடு சென்னையில் நடக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. தனிப் பல்கலைக்கழகமாகி நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் மட்டுமே ஆகியிருந்த ஒரு நிறுவனத்தின் துறை ஒன்று முன்னின்று இங்கே நடத்தியது. சென்னைக்கு இரண்டாவது முறைதான் கிடைத்தது, 1968இல். வரலாற்றறிஞர் சின்னப்பா அரசரத்தினம் அதே ஆண்டுகளில் இங்கே கற்பித்தார். இராம. சுப்பையா இந்நாட்டுத் தமிழ் நூல்களுக்கு ஓர் அட்டவணை தொகுத்து 1969இல் வெளியிட்டார். நம்முடைய பழைய அச்சு நூல் எது, எந்த ஆண்டு என்று இந்தப் பகுதிக்குக் கேள்வி வரும்போதெல்லாம் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

பாட்டியின் பணத்தில் வாங்கிய நூல் இன்னதென்று இன்று பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது அந்த நூலகத்துக்குப் போனால், தமிழ் அடுக்கில் பழுப்பேறிய 1950களின் பதிப்பு ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரவல் சீட்டில் முத்திரை குத்திய தேதிகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

பூச்சோங் வாசகர்: யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரியும் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தே கட்டப்பட்டதா?

இல்லை, பின்னால் வந்தது. பாகப்பிரிவினையில் மருத்துவக் கல்லூரி சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டதால், 1905 என்று ஆண்டு சொல்லிக்கொள்ளும் பல்கலைக்கழகத்துக்கு 1962இல் மருத்துவப் புலமே இல்லாத வேடிக்கை ஏற்பட்டது. புதிதாக ஒன்றை உருவாக்கும் பொறுப்பு பேராசிரியர் டி. ஜே. தனராஜிடம் வந்தது; அவரே முதல் புலத்தலைவர். 1964இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1967இல் மருத்துவமனை நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. 1969இல் முதல் மருத்துவர்கள் வெளிவந்தார்கள். மருத்துவ நூலகத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

காஜாங் வாசகர்: மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் மட்டுமாவது முதலிலிருந்தே பாங்கியில்தானே இருந்தது?

அதுவும் இல்லை, ஐயா. 1970 மே 18ஆம் நாள் 192 மாணவர்களோடு தொடங்கியபோது அது இருந்த இடம் லெம்பா பந்தாய், மலாயாப் பல்கலைக்கழகத்தின் அண்டை வீடு. பாங்கிக்குப் போனது 1977இல். இரவல் வீட்டில் பால் காய்ச்சாத பல்கலைக்கழகம் அந்தத் தலைமுறையில் இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: மாமனாரின் பெட்டியில் கிடைத்த புகைப்படத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். பந்தாய் வளாகத்தில் எடுத்தது என்கிறார்கள். எந்த ஆண்டு என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா? மூலப் படத்தை என்ன செய்வது?

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்ட ஏழு இளைஞர்கள். பின்னால் சுவர் எழும்பாத தூண்கள், மூங்கில் சாரம், வலப்பக்க ஓரத்தில் பாதி வெட்டுண்ட லாரி. முன்வரிசையில் குந்தியிருப்பவரின் சப்பாத்தில் கணுக்கால் வரை சேறு. அதற்கும் பின்னால், குன்றுச் சரிவில் மரங்கள் நேர்வரிசையில் நிற்கின்றன. காட்டு மரம் அப்படி நிற்காது, அது பால்மரம். ஆகவே, கட்டுமானம் நடந்த 1950களின் கடைசியோ 1960களின் தொடக்கமோ என்பது பொருத்தமாகவே இருக்கிறது.

பின்புறத்தில் புகைப்படக் கடை முத்திரையில் 'பத்து ரோடு' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் மாமன்னர் 1960 ஏப்ரலில் மறைந்த பிறகு அந்தச் சாலைக்குத் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலை என்று பெயர் வந்தது. அதை வைத்து 1960க்கு முந்தியது என்று உடனே முடிவுகட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலைக்குப் பெயர் மாறினால் கடைக்காரர் மறுநாளே முத்திரையை மாற்றிவிடுவதில்லை. மை தீரும்வரை, சில வேளை கடை மூடும்வரை, பழைய முத்திரையே ஓடும். பத்து ரோடு என்று இன்றும் சொல்கிற பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஏழு பேரில் ஒருவர் எந்த ஆண்டு சேர்ந்தார் என்று தெரிந்தால், அதுதான் முத்திரையைவிட நல்ல சாட்சி.

மூலப் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் உருக்கி ஒட்டி லாமினேட் செய்துவிடாதீர்கள். ஒருமுறை ஒட்டினால் பிரிக்க முடியாது. அமிலமில்லாத தாளுறையில் வைத்து, வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க மனமிருந்தால், கொடுக்கும் முன் நல்ல நகல் ஒன்று வீட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மாமனாருக்குத் தொண்ணூறு வயது என்கிறீர்கள். இந்த வாரமே ஒரு பிற்பகல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு பேரின் பெயரையும் இடமிருந்து வலமாகக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் அழுத்தாமல் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள்; பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.